எழுநூற்று எண்பது சீட்டுகள்

“அஞ்சு சாஃப்ட்வேர்கிட்ட கேட்டாச்சு. அஞ்சும் ஒரே பதிலைத்தான் சொல்லுது. அதை நம்பி மருந்து கொடுத்தேன். பிள்ளை தேறல. நான் என்ன செய்யட்டும்?”

கேட்டவர் டாக்டர் தேவசகாயம். வயது ஐம்பத்தேழு. நாகர்கோவிலில் குழந்தைகளின் நரம்பையும் தசையையும் பார்க்கிற வைத்தியர். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடுகிற மனிதர்.

கேட்கப்பட்டவள் இசக்கியம்மாள். வயது முப்பத்தொன்று. ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் கணினி அறைக்கு அவள்தான் பொறுப்பு.

முன்பெல்லாம் குருவைத் தேடிக் காட்டுக்குப் போவார்களாம். தேவசகாயம், லிஃப்ட் பழுது என்பதால் மூன்று மாடி ஏறிப் போனார். மூச்சு வாங்கியது மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது.

தன் மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கேட்பதா என்று ஒரு வாரம் யோசித்தார். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ‘சாமியார்’ என்று பட்டப்பெயர் வேறு இருந்தது. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் வாய் திறப்பாள், அதுவும் எதிர்க்கேள்வியாக இருக்கும் என்று சொன்னார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் படியேறிவிட்டார்.

“உக்காருங்க சார்,” என்றாள் இசக்கி. “முதல்ல இருந்து சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

ஒன்றுக்குள் ஒன்று உறவான சில குடும்பங்கள். அவற்றில் பத்தொன்பது பிள்ளைகள். ஐந்து வயது வரை ஓடி ஆடுகிற பிள்ளை, ஆறாவது வயதில் கால் தடுக்கி விழத் தொடங்குகிறது. எட்டு வயதில் படி ஏற முடிவதில்லை. பத்து வயதில் பெற்றவர்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து எழுநூற்று எண்பது மரபணுக்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று அளந்தார். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நாற்பத்தொரு மரபணுக்கள் தாறுமாறாக இருந்தன.

அந்த நாற்பத்தொன்றும் சேர்ந்து என்னதான் வேலை பார்க்கின்றன? ஒவ்வொன்றின் வேலையையும் மனப்பாடமாக வைத்திருக்க எந்த மண்டையிலும் இடமில்லை. அதற்குத்தான் மென்பொருள். பெயர்களைக் கொடுத்தால் போதும். உலகத்தில் இதுவரை எழுதி வைத்ததையெல்லாம் துழாவி, ‘உங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் இன்ன வேலைக்காரர்கள்’ என்று சொல்லிவிடும்.

அது சொன்ன பதில்: நோய் எதிர்ப்பு.

“உடம்பைக் காக்க வேண்டிய காவலே தசையைத் தின்னுதுன்னு புரிஞ்சிக்கிட்டேன்,” என்றார் தேவசகாயம். “காவலை அடக்குற மருந்தை ரெண்டு பிள்ளைங்களுக்கு மட்டும், அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அதுல ஒருத்தன் அஜின். பத்து வயசு. அம்மா பரிபூரணம், முந்திரி ஆலையில வேலை. நாலு மாசமாச்சு. காலுல ஒரு பலமும் வரல. காவல் படுத்துட்டதால நிமோனியாதான் வந்துச்சு. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான்.”

இசக்கி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“வெள்ளிக்கிழமை அனுமதிக் குழு கூடுது. மருந்தளவு பத்தல, கூட்டணும், பத்தொன்பது பேருக்கும் கொடுக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். கொடுக்க மனசு வரல.”

“அளந்தது எத்தனை ஜீன் சார்?”

“எழுநூத்தி எண்பது. அதுல நமக்கு வேண்டியது நாப்பத்தொண்ணு. அதைக் கொண்டாந்திருக்கேன்.”

“எழுநூத்தி எண்பதும் இருக்கா?”

இருந்தது. பென்டிரைவை நீட்டினார். இசக்கி அதைச் செருகி, இருபது பக்கமும் அச்செடுத்தாள். தாள்களை அவர் முன்னால் வைத்து அதன்மேல் ஒரு கத்தரிக்கோலை வைத்தாள்.

“வெட்டுங்க.”

“எதை?”

“ஒரு பேருக்கு ஒரு சீட்டு.”

“எதுக்கும்மா?”

இசக்கி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தேவசகாயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருட வைத்தியத்தில் இப்படி ஒரு மரியாதையை அவர் கண்டதில்லை. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். போனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கல். இருநூறு சீட்டு தேறுவதற்குள் கட்டைவிரல் சிவந்துபோனது. மின்விசிறிக் காற்றில் முப்பது நாற்பது சீட்டுகள் மேசைக்கு அடியில் பறந்தன. மூட்டுவலிக்காரர், தரையில் மண்டியிட்டுப் பொறுக்கினார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பையன் கதவைத் திறந்து, “சாரி சார்” என்று மூடிவிட்டுப் போனான். இது நாளைக்கு ஊர் முழுக்கப் பரவும் என்று நினைத்துக்கொண்டார்.

இசக்கி திரும்பி வந்தபோது எல்லாம் வெட்டி முடித்திருந்தார். அவள் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவைத்து, சீட்டுகளை அதில் அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

“கண்ணை மூடிட்டு நாப்பத்தொண்ணு எடுங்க.”

“விளையாட்டா இது?”

“எடுங்க சார்.”

எடுத்தார். அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவள் கணினியில் ஏற்றினாள். அவர் வழக்கமாகப் பயன்படுத்துகிற மென்பொருள்தான். பொத்தானைத் தட்டினாள்.

திரையில் முதல் வரி: நோய் எதிர்ப்பு.

பக்கத்திலேயே, இது தற்செயலாக அமைந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண். புள்ளிக்குப் பிறகு பதினெட்டு சைபர் போட்டிருந்தது; தற்செயலே இல்லை என்று அர்த்தம்.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நம்ம பிள்ளைங்க லிஸ்டுல உள்ள பேரே நிறைய வந்துட்டுது போல.”

“பாருங்க.”

பார்த்தார். அவருடைய நாற்பத்தொன்றில் இரண்டே இரண்டுதான் இந்தக் குலுக்கலில் வந்திருந்தன.

“இன்னொரு தடவை,” என்றார்.

எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் கலக்கி, அடியிலிருந்து எடுத்தார். நோய் எதிர்ப்பு. பதினேழு சைபர்.

“நீங்க எடுங்க.”

இசக்கி எடுத்தாள். நோய் எதிர்ப்பு. இருபது சைபர்.

தேவசகாயத்தின் குரல் ஏறியது. “என்னம்மா இது, கிளி ஜோசியமா?”

“கிளி மேல தப்பு இல்ல சார்.”

“பின்னே?”

“கட்டுல இருக்கதைத்தான் அது எடுக்கும்.”

அவர் ஹெல்மெட்டுக்குள் பார்த்தார். சீட்டுகளைக் கையால் அளைந்து ஒன்று ஒன்றாக எடுத்துப் படித்தார். இது வெள்ளையணுவின் வேலைக்காரன். இதுவும் அப்படித்தான். இது கிருமி வந்தால் கூவுகிறது. இது அந்தக் கூவலைக் கேட்கிறது. இதுவும் காவல். இதுவும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தச் சோதனைப் பெட்டியை வாங்கியது அவரேதான். மனிதனிடம் இருபதாயிரம் சொச்சம் மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அளக்க வழியில்லாமல், கிடைத்த பெட்டியை வாங்கினார். பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ரத்தத்தின் எதிர்ப்புத் திறனைச் சோதிக்கும் தொகுப்பு என்று. எழுநூற்று எண்பதில் அறுநூறுக்கும் மேல் காவல்காரர்கள்தான்.

“ஐயோ,” என்றார் மெல்ல.

இன்னும் இரண்டு சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“என் ஓ.பி.யில உக்காந்துக்கிட்டு, ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் நரம்புக் கோளாறுன்னு சொன்ன கதையால்லா இருக்கு.”

“ம்.”

“அஞ்சு சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி சொல்லுச்சேன்னு பூரிச்சுப் போனேனே.”



அவர் சீட்டுகளை மேசையில் போட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு நாள் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த பிள்ளையின் முகம் வந்து முன்னால் நின்றது.

“அஜினுக்கு நிமோனியா வந்தது என்னாலதான்.”

வேறு யாராக இருந்தாலும், அப்படியெல்லாம் இல்லை சார், நீங்கள் நல்லதற்குத்தான் செய்தீர்கள் என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

“ஆமா சார்,” என்றாள் இசக்கி.

அந்த ‘ஆமா’ அவரைத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரம் போனதும், நெஞ்சில் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அதனாலேயே விலகியது போலவும் இருந்தது. பொய்யான ஆறுதலை வைத்துக்கொண்டு அவரால் அடுத்த அடி எடுத்து வைத்திருக்க முடியாது.

“இன்னைக்கு புதன்கிழமைதான்,” என்றாள் அவள்.

தேவசகாயம் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்போ அந்த நாப்பத்தொண்ணையும் குப்பையில போடட்டுமா? நாலு வருஷம்மா. பத்தொன்பது பிள்ளைங்க ஊசிக்குக் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம்.”

இசக்கி விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். திரையில் ஒரு மூலையைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினாள்.

பெயர்களைப் போடுகிற பெரிய கட்டத்துக்குக் கீழே சின்னதாக இன்னொரு கட்டம் இருந்தது. ‘எந்தக் கூட்டத்திலிருந்து எடுத்தீர்கள்?’ என்று கேட்டது. விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்றும் போட்டிருந்தது.

நிரப்பாமல் விட்டால் மென்பொருள் தானாக ஒரு முடிவுக்கு வரும். இருபதாயிரத்திலிருந்தும் பொறுக்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவு பெரிய கூட்டத்தில் காவல்காரர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் மட்டும் மொத்தமாக வந்து நின்றால் அது ஆச்சரியப்படாமல் என்ன செய்யும்?

தேவசகாயம் ஐந்து மென்பொருள்களையும் நினைத்துப் பார்த்தார். ஐந்திலும் இந்தக் கட்டம் இருந்தது. ஐந்திலும் வெறுமையாகவே விட்டிருந்தார். விருப்பம் இருந்தால்தானே என்று.

எழுநூற்று எண்பது பெயர்களையும் அதில் நிரப்பினார். மேலே தன் பிள்ளைகளின் நாற்பத்தொன்றைப் போட்டார். விரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது.

“பயமா இருக்கா சார்?”

“ஆமா.”

“போன தடவை இருந்துச்சா?”

“இல்ல.”

“சரி, தட்டுங்க.”

தட்டினார்.

முன்பு முந்நூறு வரி வந்த இடத்தில் இப்போது வெள்ளைத் திரை. நோய் எதிர்ப்பைக் காணவில்லை. அதன் அண்ணன் தம்பி, பங்காளி ஒருவரையும் காணவில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் நின்றது.

கொழுப்பை எரித்துத் தசைக்குச் சக்தி கொடுக்கும் வேலை.

அந்தப் பெட்டியில் இந்த வேலைக்காரர்கள் மொத்தமே பதினெட்டுப் பேர். பெட்டி செய்த கம்பெனி ஒப்புக்குச் சேர்த்துவைத்தது. கண்ணை மூடிக்கொண்டு நாற்பத்தொன்று எடுத்தால் இவர்களில் ஒருவர் வரலாம். பிள்ளைகளின் பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

“இது முன்னால வரலையே.”

இசக்கி அவருடைய பழைய முடிவைத் திறந்தாள். ஆறாவது பக்கம். நூற்றுப் பன்னிரண்டாவது வரி. வந்துதான் இருந்தது.

“நான் முதல் பக்கத்தைத்தான் அச்செடுத்தேன்,” என்றார் தேவசகாயம். அதை லேமினேட் செய்து தன் அறையில் மாட்டியிருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது. நாற்காலி நுனிக்கு வந்தார்.

“அப்போ இதுதாம்மா! காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தசைக்கு எரிபொருள் போய்ச் சேரல. இதுக்கு வழி இருக்கு. ராவோட ராவா விண்ணப்பத்தை மாத்தி எழுதிடுதேன். இதுதான் பதில்.”

“நாலு மாசத்துக்கு முன்னால நோய் எதிர்ப்பும் பதிலாத்தான் சார் இருந்துச்சு.”

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

வெளியே யாரோ படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அவர் திரையைப் பார்த்தார். அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது. அழகாகத்தான் இருந்தது. போன தடவையும் அழகாகத்தான் இருந்தது.

“பின்னே, இது நிஜமான்னு நான் யார்கிட்ட கேக்க?”

இசக்கி மேசை ஓரத்தில் கிடந்த அவருடைய கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எந்தப் பேராசிரியரைக் கூப்பிடச் சொல்கிறாள் என்று யோசித்தார். சென்னையில் ஒருவர் இருக்கிறார், வேலூரில் ஒருவர் இருக்கிறார். அவர்களிடம் என்ன கேட்பது? அவர்களும் இதே புத்தகங்களைத்தானே படித்திருப்பார்கள்.

பிள்ளையைத் தினமும் பார்க்கிறவளின் எண்ணைத் தேடி அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அஜினின் அம்மா பரிபூரணம். பின்னால் முந்திரி உடைக்கிற சத்தம் டக் டக்கென்று கேட்டது.

“சாரே? பிள்ளைக்கு என்னவாம்?”

“ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதிய. ஒரு விஷயம் சொல்லணும். வெள்ளிக்கிழமை மருந்தைக் கூட்டப் போறதில்லை. கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கப் போறோம். நீங்களா ஒரேயடியா நிறுத்திரக் கூடாது. நான் சொல்லுதபடிக் குறைக்கணும்.”

“ஏன் சாரே?”



“நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேம்மா. அந்த மருந்து அவனுக்கு வேண்டாத மருந்து. அந்தக் காய்ச்சல் வந்ததும் அதனாலதான். என்னை மன்னிச்சிரணும்.”

முந்திரி உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நடந்திருக்க வேண்டும், சத்தம் மெல்லத் தூரமானது.

“அப்போ இனி மருந்தே கிடையாதா?”

அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது. இசக்கியைப் பார்த்தார். அவள் தரையில் கிடந்த சீட்டு ஒன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலம்மா,” என்றார். “தெரிஞ்சிக்கத்தான் கூப்பிட்டேன். ஒண்ணு சொல்லுங்க. அஜின் என்ன சாப்பிடுவான்?”

“என்னது?”

“சாப்பாடு. எப்போ சாப்பிடுவான், என்ன சாப்பிடுவான். சாப்பிட்டா எப்படி இருக்கான், சாப்பிடாட்டி எப்படி இருக்கான்.”



“நாலு வருசமாச்சு சாரே,” என்றாள் பரிபூரணம். “இன்னைக்குத்தான் இதைக் கேக்கிய.”

“சொல்லுங்கம்மா.”

“ராத்திரி சாப்பிடாம உறங்கிட்டாம்னா காலையில எந்திக்கவே மாட்டான். காலு ரெண்டும் துணி மாதிரிக் கிடக்கும். கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர் உள்ள போச்சுன்னா அரை மணிக்கூறுல எந்திச்சு உக்காருவான். இன்னொரு டம்ளர் கொடுத்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வருவான். போன ஞாயித்துக்கிழமை சுவரையும் பிடிக்கல. கோயிலுக்கு என்கூட நடந்தே வந்தான். மீனு பொரிச்சது, தேங்காச்சோறு எல்லாம் தின்னாம்னா காலு மறுபடியும் துணியாக் கிடக்கும்.”

தேவசகாயம் எழுதுவதற்குத் தாள் தேடினார். கையில் அகப்பட்டது ஒரு சீட்டு. அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கி, இடம் போதாமல் இன்னொரு சீட்டை எடுத்தார். இனிப்பு உள்ளே போனால் நடக்கிறான், கொழுப்பு போனால் விழுகிறான்; திரையில் நின்ற வரி சொன்னதும் அதைத்தான்.

“இதை ஏம்மா என்கிட்டச் சொல்லல?”

“நீங்க கொடுத்த ஃபாரத்துல அப்படி ஒரு கேள்வி இல்லையே. ஒருக்கச் சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னாவ.”

“நாலு வருஷமா மாசாமாசம் பாக்கேன். ஒரு தடவைகூட அவன் நடந்து நான் பாத்ததில்லையேம்மா.”

“எப்படிப் பாப்பிய சாரே?” என்றாள் பரிபூரணம். “ரத்தம் எடுக்கணும்னு வெறும் வயித்துலல்லா கூட்டிட்டு வரச் சொல்லுவிய.”